முள்ளெலிக்கு ஏது விரதம்

முள்ளெலி வளர்த்துக் குட்டி கொடுக்கப் புறப்பட்டிருக்கும் பிள்ளைகளே, கூடு எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும், ஓடுகிற சக்கரம் என்ன அளவு, புழுவை எங்கே வாங்கலாம் என்றெல்லாம் என்னிடம் கேட்காதீர்கள். அது முழுவதும் உங்கள் கைபேசியில் இருக்கிறது, என்னைவிட அழகாகச் சொல்லும். கைபேசியில் இல்லாத சங்கதி ஒன்றுதான்: குட்டியைக் கேட்டு வாசலில் வந்து நிற்கிற மனிதர்களை என்ன செய்வது? அதைப் பற்றித்தான் எனக்கு வாய் துடிக்கிறது.

நான் நொர்வேயில், ஹொல்ம்லியா என்ற இடத்தில் ஒரு மாடி வீட்டில் இருந்துகொண்டு, பகலில் முதியோர் இல்லத்தில் வேலை பார்த்து, மாலையில் முள்ளெலி வளர்த்தவள். இந்த நாட்டில் காட்டோரம் திரிகிற பெரிய முள்ளெலி அல்ல. அதைப் பிடித்து வீட்டில் வைக்கக் கூடாது. நான் வளர்த்தது உள்ளங்கைக்குள் அடங்குகிற ஆபிரிக்கக் குள்ள முள்ளெலி. இப்போது குனிந்து கூடு கழுவ முழங்கால் விடுவதில்லை. அதனால் தொழிலை நிறுத்திவிட்டேன். வாயை நிறுத்தச் சொல்லி வைத்தியர் இன்னும் சொல்லவில்லை.

முதல் ஈற்றில் நான்கு குட்டிகள். கண் திறக்கும் முன்னரே அவர்களுக்கு நான் மாப்பிள்ளை வீடு தேடத் தொடங்கிவிட்டேன். முதலில் ஒரு நொர்வேஜியர் வந்தார். நல்ல மனிதர். சப்பாத்தைக் கழற்றி ஒழுங்காக ஓரத்தில் வைத்தார். பேச்சோடு பேச்சாக, "மாரிகாலத்துப் பனிக்குளிரிலும் ஜன்னலைத் திறந்து வைத்துத்தான் படுப்பேன், சுத்தமான காற்று உடம்புக்கு நல்லது" என்று பெருமையாகச் சொன்னார். அவருக்குத் தேத்தண்ணி கொடுத்தேன், ரோல்ஸ் கொடுத்தேன், குட்டி கொடுக்கவில்லை. இந்தச் சீவன்கள் குளிர்ந்தால் சுருண்டு உறங்கப் போய்விடும். காட்டு முள்ளெலி மாரி முடிய எழும்பும். இவை எழும்பாமலே போய்விடும்.

பிறகு தமிழ்நாட்டிலிருந்து வேலைக்கு வந்த ஓர் இளம் சோடி. அந்தப் பெண்பிள்ளை, "ஆன்ட்டி, டே டைம்ல நல்லா விளையாடுமா?" என்று கேட்டாள்.

"பகல் முழுக்கப் படுத்திருக்கும் பிள்ளை. இரவு முழுக்க ஓடும்."

"அப்ப இவருக்குக் கரெக்டா இருக்கும் ஆன்ட்டி. இவருக்கு அமெரிக்கா கிளையண்ட், நைட் ஃபுல்லா முழிச்சிட்டு ஒத்தையா உட்கார்ந்திருப்பார்."

புருஷன்காரன் வெட்கத்தோடு தலையாட்டினான். அந்த நிமிடமே ஒரு குட்டிக்கு இடம் பொருந்திவிட்டது. வேறு இரண்டும் நல்ல வீடுகளுக்குப் போயின. எனக்குத் தலைக்கனம் வந்தது. மனிதரை எடைபோடுவதில் என்னை விட்டால் ஆளில்லை என்று ரயிலில் போகும்போதுகூட நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு இருந்தேன். அந்நியருக்கு இல்லை என்று சொல்வது பெரிய வித்தையா? சொந்தக்காரருக்குச் சொல்லிப் பார்த்தால் அல்லவா தெரியும்!

என் கணவருக்கு ஓர் அக்கா. எனக்கு மச்சாள். லோறென்ஸ்கூக்கில் வீடு வாங்கி, வீட்டின் நடுவே சாமி அறை வைத்து, செவ்வாய் வெள்ளியில் மீன் இறைச்சி என்று ஒரு மச்சமும் சமைக்காமல், தரையில் முகம் பார்க்கலாம் என்கிற அளவுக்குத் துடைத்து வைத்திருக்கிற மனுஷி. ஊரில் உள்ள சடங்குகள் எல்லாம் அவருக்கு விரல் நுனியில். இங்கே ஒரு கலியாணவீட்டில் தேங்காயை எந்தப் பக்கம் வைப்பது என்று சந்தேகம் வந்தால் ஐயரே திரும்பி மச்சாளைத்தான் பார்ப்பார். அவருடைய மகள் ஆரணிக்குப் பன்னிரண்டாவது பிறந்தநாள், மண்டபம் எடுத்துச் செய்தார்கள். தாய்மாமன் என்ற முறையில் இவர் சங்கிலியோடு மேடைக்குப் போனார். கையில் மைக்கையும் கொடுத்துவிட்டார்கள். அதுதான் வினை.

ஆரணி மைக்கில், "மாமா, எனக்குச் சங்கிலி வேண்டாம். உங்கடை வீட்டு பின்ஸ்வின் வேணும்" என்றாள். பின்ஸ்வின் என்றால் இந்த நாட்டு மொழியில் முள்ளெலி.

"என்ரை மருமகள் கேட்டு நான் இல்லையெண்டு சொல்லுவனே!" என்றார் இவர். மண்டபமே கைதட்டியது. வீடியோக்காரர் ஓடிவந்து என் முகத்தைப் படம் பிடித்தார். அந்த வீடியோ இன்றும் இருக்கிறது. பாருங்கள், பல் மட்டும்தான் சிரிக்கும்.

மச்சாள் என்னை ஓரமாகக் கூப்பிட்டார். "என்ன வசந்தி, எலியோ தாறீர்?"

"எலியில்லை மச்சாள், முள்ளெலி."

"முள்ளு முளைச்சால் எலி சாமியாராப் போயிடுமே?" என்றுவிட்டு வந்தவர்களைக் கவனிக்கப் போய்விட்டார்.

கடைசிக் குட்டி, பெண், அதைத்தான் கொடுத்தோம். ஆரணி அதற்கு முறுக்கு என்று பெயர் வைத்தாள். அவளுடைய அறையில் நல்ல சூடு இருந்தது. சொல்லிக் கொடுத்ததை எல்லாம் ஒழுங்காகச் செய்தாள். நானும் கொஞ்சம் மூச்சு விட்டேன். மூன்று கிழமை, இருபத்தொரு நாள், போனது. கந்தசஷ்டி வந்தது.

ஒரு செவ்வாய்க்கிழமை, பள்ளிக்கூடம் விட்ட நேரம் ஆரணி தொலைபேசி எடுத்தாள். குரல் கிசுகிசுத்தது.

"மாமி, முறுக்கு உருண்டபடியே கிடக்கிறாள். தொட்டால் சீறேல்லை. வயிறு ஹெல்ட் கால்ட்." முழுக்கக் குளிர்ந்துவிட்டதாம்.

"எங்கை வைச்சிருக்கிறாய்?"

"கீழை, சாமான் அறையிலை. சஷ்டியெல்லே, அம்மா வீடு முழுக்கக் கழுவினவ. முறுக்கின்ரை சாப்பாட்டிலை மீன் கிடக்கெண்டு அதையும் எறிஞ்சிட்டா."

"அப்ப என்னத்தைக் குடுக்கிறியள்?"

"பாலும் வாழைப்பழமும். அம்மாவும் விரதத்துக்கு அதைத்தானே சாப்பிடுறா." விம்மினாள். "நான் சொன்னனான் எண்டு அம்மாவுக்குச் சொல்லாதேங்கோ மாமி."

கடவுளே! முள்ளெலியைச் சஷ்டி பிடிக்க வைத்த வீடு உலகத்தில் இது ஒன்றாகத்தான் இருக்கும். பால் கொடுத்தால் இதற்கு வயிறு கெட்டுவிடும். அதற்கு மேல் சாமான் அறைக் குளிர். அந்தக் குட்டி செத்துக்கொண்டிருக்கிறது என்பது எனக்கு விளங்கிவிட்டது. மச்சாள் மேல் வந்த கோபத்தில் நான்கு வார்த்தை கேட்டுவிட வேண்டும் என்றுதான் சப்பாத்துக்குள் காலை விட்டேன்.

பிள்ளைகளே, உங்களுக்கும் இப்படி ஒரு நாள் வரும். சப்பாத்தின் கயிற்றைக் கட்டுகிற அந்த நேரம்தான் உங்களுக்குக் கிடைக்கிற யோசிக்கும் நேரம். நான் யோசித்தேன். மேடையில் தாய்மாமன் கொடுத்த பரிசைத் திருப்பிக் கேட்டால் அது மச்சாளின் முகத்தில் அறைவது மாதிரி. "கொண்டுபோம் உம்மடை எலியை" என்று ஒரு சொல் வந்துவிட்டால், குட்டி பிழைத்தாலும் ஆரணிக்கு அது இல்லை. இந்த நாட்டில் இவருக்கு இருக்கிற ஒரே கூடப்பிறப்பும் இல்லாமல் போய்விடும். கேட்காமல் விட்டால் குட்டி இல்லை. குட்டியும் உயிரோடு வெளியே வர வேண்டும், உறவும் உயிரோடு இருக்க வேண்டும்.

இவர் கார்ச் சாவியோடு நின்று, "நீர் மத்தியானம் மீன்பொரியல் சாப்பிட்டனீரெல்லே? தலைக்குத் தோய்ஞ்சுபோட்டு வாரும். சஷ்டி நேரம் மச்சம் சாப்பிட்டிட்டு அக்கா வீட்டுக்குள்ளை போகேலாது" என்றார்.

"தோய நேரமில்லை. காரை எடுங்கோ!"

வழி முழுவதும் இவர் அக்காவின் கோபத்தைப் பற்றியே கதைத்துக்கொண்டு வந்தார். வீட்டு வாசலில் கார் நின்றதும், "நீர் போம். நான் இதுக்குள்ளை இருந்து பாத்துக்கொள்ளுறன்" என்றார். எதைப் பார்த்துக்கொள்ளப் போகிறார் என்று நான் கேட்கவில்லை.

மச்சாள் கதவைத் திறந்தார். தோய்ந்த தலைமயிர், நெற்றி நிறைய விபூதி, விரதத்தில் வாடிய முகம்.

"வாரும் வசந்தி. ஏன் வெளியிலை நிக்கிறீர்?"

"மீன் சாப்பிட்டிட்டன் மச்சாள். விரத வீடு. உள்ளை வரமாட்டன்."

அவர் முகம் இளகியதைக் கண்டேன். நான் வைத்திருந்த நான்கு வார்த்தைகளும் தொண்டையோடு நின்றுவிட்டன. அந்த இடத்தில் வேறொன்று புறப்பட்டு வந்தது. சத்தியமாக என் மூளையைக் கேட்டுக்கொண்டு வரவில்லை.

"மச்சாள், முறுக்கைக் கூட்டிக்கொண்டு போக வந்தனான். எங்கடை தொழிலிலை ஒரு வழக்கம் இருக்கு. பெண்குட்டி புது வீட்டுக்குப் போனால், முதல் மாசத்துக்குள்ளை ஒருக்காத் தாய்வீட்டை வந்து தங்கிப்போகவேணும்."

மச்சாள் கண்ணை இடுக்கினார். "அப்பிடியோ? தம்பி ஒண்டும் சொல்லேல்லையே."

திரும்பிப் பார்த்தேன். தம்பியார் ஸ்டியரிங்கை ஆராய்ந்துகொண்டிருந்தார். "அவருக்கு எப்பவும் மறதிதானே."

"பெண்ணை அனுப்புறதெண்டால் நாள் பாக்கிறேல்லையே? இண்டைக்குச் செவ்வாய்க்கிழமை. செவ்வாயிலை ஆரும் பெண்பிள்ளையை வீட்டாலை அனுப்புவினமே?"

"இது சஷ்டிச் செவ்வாய் மச்சாள். முருகன்ரை நாள். அவர் பாத்துக்கொள்ளுவார்."

முருகனை இழுத்துவிட்டேன். மச்சாளால் மறுக்க முடியவில்லை. ஆனால் அவர் விடுகிற ஆளா? சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார்.

"சரி. ஆனா இப்ப ராகுகாலம். நாலரை மட்டும் பொறும்."

நாலரைக்கு இன்னும் ஒரு மணித்தியாலத்துக்குக் கிட்ட இருந்தது. கத்த வேண்டும் போல வந்ததை விழுங்கிக்கொண்டு, "ராகுகாலத்திலை பயணம் வெளிக்கிடக் கூடாது, சரி. வெளிக்கிடாமல் என்ரை மடியிலை இருக்கலாம்தானே? கார் இஞ்சை வாசல் முத்தத்திலைதானே நிக்குது" என்றேன்.

மச்சாள் வெளியே எட்டிக் காரைப் பார்த்தார். பிறகு உள்ளே திரும்பி, "ஆரணி, கூட்டைத் தூக்கிக்கொண்டு வாம்மா" என்றார்.

முறுக்கு என் கைக்கு வந்தபோது கல்லு மாதிரி இருந்தாள். காருக்குள் ஏறி, அவளைச் சுவெட்டருக்குள் விட்டு, வயிற்றோடு அணைத்துக்கொண்டேன். முள்ளுக் குத்தினால் குத்தட்டும். இவர் சூட்டைக் கூட்டிவிட்டார். மின்சாரக் கார், நின்ற இடத்திலேயே சூடாக்கும். இதில் ஒரு வேடிக்கை, குளிர்ந்துபோன குட்டியை அவசரப்பட்டுச் சூடாக்கவும் கூடாது, ஆட்டிக் குலுக்கிக்கொண்டு ஓடவும் கூடாது. உடம்புச் சூட்டில் மெல்ல மெல்லத்தான் கொண்டுவர வேண்டும். அப்படியே காரை எடுத்து ஓடியிருந்தால் வழியில் என்ன நடந்திருக்குமோ. அன்றைக்கு ராகு எனக்குச் செய்த உதவியை முருகன்கூடச் செய்யவில்லை.

ஆரணி பின் ஆசனத்தில் வெறும் காலுறையோடு ஏறி அழுதுகொண்டிருந்தாள். மச்சாள் போர்வையைப் போர்த்திக்கொண்டு வந்து கண்ணாடியில் தட்டினார். "மூச்சுக் கிடக்கே?"

"கிடக்கு மச்சாள்."

உள்ளே போனார். சாமி அறையில் மணிச் சத்தம் கேட்டது. திரும்பவும் வந்து தட்டினார். "கிடக்கே?" திரும்பவும் போனார். ராகுகாலத்துக்குள் நாங்கள் காரை எடுத்துவிடுவோமோ என்று காவல் நிற்கிறார் என்று நினைத்து நான் பல்லைக் கடித்தேன்.

அப்போதுதான் என் வயிற்றில் ஏதோ அசைந்தது. ஒரு சின்ன மூக்கு, ஈரமாக, தொப்புளுக்குப் பக்கத்தில் முட்டியது. பிறகு 'புஸ்' என்று ஒரு சீறல். எத்தனையோ குட்டிகளின் சீறலைக் கேட்டிருக்கிறேன், அதைப் போல இனிமையான சத்தம் கேட்டதில்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது, சொல்ல என்ன வெட்கம்? இவரோ என்னைவிடப் பெரிதாக விம்மினார். மேடையில் வாக்குக் கொடுத்த வீரர்!

நாலரைக்கு மச்சாள் தாம்பாளத்தோடு வந்தார். வெற்றிலை, பாக்கு, வாழைப்பழம், மடித்த ஒரு புதுத் துவாய். "பெண்ணை வெறுங்கையோடை அனுப்பேலாது" என்றார். முறுக்குக்குச் சந்தனப் பொட்டு வைக்க நெற்றி எங்கே என்று தேடிப் பார்த்து, முள்ளுக்குப் பயந்து, கூட்டுக் கதவில் வைத்துவிட்டார்.

அடுத்த நாள் மிருக வைத்தியரிடம் கொண்டு போனேன். மருந்து தந்தார். நான் மீனும் புழுவும் ஊட்டினேன். மெல்ல மெல்ல உடம்பு தேறி, முறுக்கு இரவிரவாகச் சக்கரத்தில் ஓடி எங்கள் நித்திரையைக் கெடுத்தாள். சந்தோஷமாகக் கெட்டோம்.

அந்தக் கிழமை பார்த்து ஒரு வயதான சோடி குட்டி கேட்டு வந்தது. வீடு முழுக்கத் தரைச் சூடு. இருவரும் ஓய்வு. விரதம் இல்லை, சாமான் அறை இல்லை, பிழை பிடிக்க ஓர் இடமில்லை. இவர், "அக்காட்டைத் திருப்பிக் குடுக்கத்தான் வேணுமே? பெண் தாய்வீட்டோடை நிண்டிட்டுது எண்டு சொல்லிவிடுவம்" என்று என் காதைக் கடித்தார். எனக்கும் சபலம் வந்தது. பொய்யும் தயாராக இருந்தது.

ஆனாலும் மனம் ஒப்பவில்லை. கீழே போய்ப் பார்த்தது ஆர்? தாய்க்குப் பயந்து நடுங்கிக்கொண்டே தொலைபேசியை எடுத்தது ஆர்? பிள்ளைகளே, எல்லா வீட்டிலும் ஒரு நாள் பிழை நடக்கும். தரைச் சூடும் ஒரு நாள் பழுதாகும். பிழை நடந்த அன்று வெட்கத்தை விட்டு உங்களைக் கூப்பிட ஒரு மனிதர் அந்த வீட்டில் இருக்கிறாரா என்று பாருங்கள். அப்படி ஒருவர் இருந்தால் கொடுங்கள். இல்லையென்றால் அரண்மனைக்கும் கொடுக்காதீர்கள். அந்தச் சோடியை அடுத்த ஈற்றுவரை பொறுக்கச் சொன்னேன். பொறுத்தார்கள்.

அதோடு இன்னொரு காரியமும் செய்தேன். என் வாயிலிருந்து தவறிப் பிறந்த அந்த வழக்கத்தைச் சட்டமாக்கிவிட்டேன். என் கையிலிருந்து போன குட்டி ஒவ்வொன்றும் முதல் மாதத்துக்குள் ஒருதரம் தாய்வீடு வந்து போக வேண்டும். தமிழர் தாம்பாளத்தோடு வந்தார்கள், நொர்வேஜியர் கேக்கோடு வந்தார்கள், ஒருவரும் ஏன் என்று கேட்கவில்லை. மெலிந்ததையும் நகம் வளர்ந்ததையும் நேரத்துக்குக் கண்டுபிடித்தது இந்தப் பொய்யால்தான். நீங்களும் எடுத்துக்கொள்ளுங்கள், காசு கேட்கமாட்டேன்.

சஷ்டி விரதம் விட்டு, பாறணை முடித்து மச்சாளும் ஆரணியும் முறுக்கைக் கூட்டிப்போக வந்தார்கள். மச்சாள் நல்ல சேலை உடுத்திருந்தார். பையிலிருந்து ஒரு வெப்பமானியை எடுத்துக் காட்டினார். மீன் சாப்பாட்டுக்கும் புழுவுக்கும் கராஜில் ஒரு குட்டிப் பிரிட்ஜ் வைத்தாயிற்றாம்.

"வெள்ளிக்கிழமையிலை?" என்று மெல்லக் கேட்டேன்.

"வெள்ளிக்கிழமையும் புழுதான். அது என்ன, சைவமாய்ப் பிறந்ததே?"

ஆரணி உள்ளறையில் முறுக்கோடு செல்லங் கொஞ்சிக்கொண்டிருந்தாள். நான் தேத்தண்ணி ஊற்றும்போது மச்சாள் குசினிக்குள் வந்து கதவைச் சாத்தினார்.

"வசந்தி, எலிக்குத் தாய்வீட்டு வழக்கம் இல்லையெண்டு எனக்குத் தெரியாதே?"

கோப்பையைக் கீழே வைத்தேன். "தெரிஞ்சு ஏன் மச்சாள் தந்தனீங்கள்?"

"நான் குடிக்கிற பாலிலை பாதியை எடுத்துத்தான் அதுக்கு வைச்சனான். அது சுருண்டதைக் கண்டு பயந்து, கோவிலுக்கு நேத்தியும் வைச்சனான். பிள்ளை என்ரை முகத்தைப் பாத்துக்கொண்டு நிக்குது. அதுக்கு முன்னாலை, அம்மா பிழை விட்டிட்டன் எண்டு சொல்ல எனக்கு வாய் வரேல்லை. நீர் வந்து ஒரு வழியைக் காட்டினீர். விட்டன்."

"பிறகேன் செவ்வாய் எண்டும் ராகுகாலம் எண்டும் என்னை வதைச்சனீங்கள்?"

"சும்மா உடனை தூக்கித் தந்தால் என்ரை பிழை பிள்ளைக்கு விளங்கிவிடுமெல்லே?" என்று சொல்லும்போது அவர் கண் கலங்கிவிட்டது. என் கையைப் பிடித்தார். நானும் பிடித்துக்கொண்டேன். இத்தனை வருட உறவில் நாங்கள் இருவரும் அப்படிப் பிடித்துக்கொண்டது அன்றுதான்.

ஆரணி கூட்டோடு வெளியே வர, மச்சாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு பழைய முகத்தை எடுத்து மாட்டினார். வாசலில் சப்பாத்தைப் போட்டுக்கொண்டே, பிள்ளைக்குக் கேட்காமல் என் பக்கம் சாய்ந்தார்.

"வாற சஷ்டிக்கும் முறுக்கை இஞ்சைதான் விடப்போறன். அதுக்கு என்ன சடங்கு எண்டு இப்பவே யோசிச்சு வையும்."